மேலே ஏறிய பதினொரு பறவைகள்

நேற்று மாலை பூட்டும்போது குச்சிகள் பதினொன்றும் மட்டமாக நின்றன. இன்று காலை கதவைத் திறந்தால் பதினொன்றும் சாய்ந்து தொங்கின. ஒவ்வொரு குச்சியின் ஒரு முனையில் அட்டைப் பறவை, மறுமுனையில் கூழாங்கல். நடுவில் கட்டிய நூல் மேலே கம்பிக்குப் போகிறது. அவ்வளவுதான் பொம்மை. ராத்திரி யாரும் உள்ளே வரவில்லை. முடிச்சு அவிழவில்லை, நூல் அறுந்துபோகவில்லை. பிறகு எப்படி?

நொட்டை அண்ணாந்து பார்த்தபடி நின்றாள். பதின்மூன்று வயது. எதைக் காட்டினாலும் அதில் ஒரு குறை கண்டுபிடிப்பதால் சித்தி வைத்த பெயர் அது. சித்தி தன் வீட்டு மாடிக்கூடத்தில் நடத்தும் கோடைக்கால ஓவியக் கைவினை முகாமுக்கு, "லீவுல என் காதாவது கொஞ்சம் ஓயட்டும்" என்று அம்மாதான் அவளை அனுப்பியிருந்தாள்.

குறைக்கு அங்கே பஞ்சமே இல்லை. முகாமின் பெயர் 'உங்கள் கற்பனைக்குச் சிறகு'. சிறகை, சொல்லிக்கொடுக்க வந்த ஓவிய மாஸ்டரே ஒரே அச்சில் வெட்டிக் கொண்டுவந்திருந்தார். பத்து நாளில் அவர் பென்சில் பிடித்து யாரும் பார்த்ததில்லை. சட்டை முழுக்கப் பெயிண்ட் கறை இருந்தது. கறை சாயமல்ல, துணியிலேயே அச்சிட்டது என்பதை நொட்டை முதல் நாளே கண்டுபிடித்துவிட்டாள்.

மாஸ்டர் வந்தார், மேலே பார்த்தார், முகம் கறுத்தது.

"நேத்து கடைசியா பூட்டினது யாரு?"

"நான்தான் சார்."

"அப்போ நீதான் நோண்டியிருக்க. நாலு மணிக்கு பேரண்ட்ஸ் வருவாங்க. எல்லார் முன்னாடியும் சாரி சொல்ற."

"நான் தொடவே இல்ல சார்."

"பேலன்ஸ்ங்கறது மனசுல இருந்து வரணும்மா. உன் மனசு சரியில்ல."

சித்தி இருவரையும் பார்த்தாள். "இங்க பாருடி. செஞ்சிருந்தா சாரி சொல்லிடு. செய்யலைன்னா, நாலு மணிக்குள்ள எப்படி ஆச்சுன்னு காட்டு."

அத்தனை பெற்றோர் முன்னால், அச்சுக்கறைச் சட்டைக்காரரிடம் மன்னிப்பு. அதைவிடச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் என்று இருந்தது நொட்டைக்கு.

அவள் வரிசையாக ஒவ்வொன்றையும் பார்த்துக்கொண்டே நடந்தாள். யாராவது விளையாடியிருந்தால் ஒன்று இப்படி, ஒன்று அப்படிச் சாய்ந்திருக்கும். இங்கே பதினொன்றிலும் பறவை மேலே, கல் கீழே. குறும்புக்கு இவ்வளவு ஒழுங்கு வராது. கல் ஒரு ராத்திரியில் கனக்காது. அப்படியானால் பறவை இளைத்திருக்கிறது. பறவையிலிருந்து எது போயிருக்கும்?

ஒரு பறவையைத் தொட்டாள். நன்றாகக் காய்ந்திருந்தது. நேற்று அப்படி இல்லை. "கெட்டியா அடிங்க, தாராளமா அடிங்க" என்று மாஸ்டர் சொல்ல, பிள்ளைகள் இரண்டு பக்கமும் தோசைமாவுபோல அப்பினார்கள். காயக்கூட விடாமல், போட்டோ எடுக்க வேண்டும் என்று அவர் அப்போதே மட்டம் பார்த்துத் தொங்கவிட்டார். தரையில் இன்னும் சொட்டுக் கறைகள் இருந்தன. ஈரப் பெயிண்டில் பெரும்பகுதி தண்ணீர். ராத்திரி முழுக்க அது காற்றோடு போய்விட்டது.

நொட்டை பிரஷ்ஷைத் தோய்த்து ஒரு பறவையின் முதுகில் கெட்டியாகப் பூசினாள். பறவை மெல்ல இறங்கியது. குச்சி மட்டமானது.

"பாத்தீங்களா, சரியாயிடுச்சு" என்றார் மாஸ்டர். "எல்லாரும் இன்னொரு கோட் அடிங்க."

"காஞ்சா மறுபடியும் ஏறும் சார்."

"நாலு மணிக்குள்ள காயாது."

"வீட்டுக்குப் போனப்புறம்?"

"வீட்டுக்குப் போனப்புறம் அது அவங்க பறவை."

ஒரு நொட்டையும் சொல்ல முடியாத அளவுக்கு அந்தப் பதில் முழுமையாக இருந்தது. அவள் அந்தக் குச்சியை ஜன்னல் கம்பிக்கு மாற்றிக் கட்டினாள். மேஜை விசிறியைக் கொண்டுவந்து, குச்சி ஆடாத தூரத்தில் பறவையின் பக்கம் திருப்பிவிட்டு உட்கார்ந்தாள். மற்ற பிள்ளைகளும் டப்பாக்களைத் திறக்காமல் வந்து சுற்றி உட்கார்ந்தார்கள். அரைமணி, முக்கால்மணி. பறவை விரல் அகலம் ஏறியிருந்தது.

"அக்கா, அது ஒண்ணுக்குப் போயிடுச்சா?" என்றாள் சித்தியின் ஏழு வயது மகள்.

"ஆமா. ராத்திரி எல்லாமே போயிருக்கு."

கூடமே சிரித்தது. மாஸ்டர் போனை எடுத்துப் பார்த்தார். அதில் யாரும் கூப்பிடவில்லை.

சித்தி சிரிக்கவில்லை. "மாஸ்டர், நீங்க போய் சர்டிஃபிகேட்ல பேரெல்லாம் எழுதுங்க. கையெழுத்தாவது உங்களோடதா இருக்கட்டும்." பிறகு நொட்டையைப் பார்த்தாள். "சாரியெல்லாம் வேண்டாம். சொல்லு, என்ன செய்யணும்?"

நொட்டை கரும்பலகையில் எழுதினாள்: முதலில் பெயிண்ட் முழுக்கக் காயட்டும். அதற்கப்புறம் தொங்கவிடு. குச்சி சாய்ந்தால், நடுநூலைக் கனமான பக்கம், அதாவது கல் இருக்கும் பக்கம், கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்து. மட்டமானதும் முடிச்சின் மேல் ஒரு சொட்டுப் பசை வை.