நத்தை ஓட்டுப் பொடி

கள்ளிக்குப்பத்தில் அது ஒரே முற்றம், இரண்டு அடுப்பு. மூத்தவன் வீராசாமியின் பெண்டாட்டி குப்பம்மாவும் இளையவன் கலியமூர்த்தியின் பெண்டாட்டி கன்னியம்மாளும் முகம் பார்த்துப் பேசி ஆறு மாதமாகிறது. பாகம் பிரித்தபோது பானை வனைகிற சக்கரம் ஆளுக்கொன்று வந்தது. காவிக் குழம்புச் சால் மட்டும் குப்பம்மா பக்கம் போய்விட்டது. பானைக்கு மேலே பூசுகிற அந்தக் குழம்பு லேசில் வருமா? செம்மண்ணைக் கரைத்து, பழைய வேட்டியில் இரண்டு தரம் வடிகட்டி, தெளிந்த தண்ணீரை இறுத்துவிட்டு, ஈரச்சாக்கு போர்த்தி ஒரு மாதம் வைத்தால்தான் வெண்ணெயாய்த் திரளும். பாதி கேட்டதற்கு, "ஒங்கப்பன் ஊட்லேர்ந்து எத்துகினு வா" என்றாள் குப்பம்மா. கன்னியம்மாள் அதை மறக்கவேயில்லை.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு ஃபேக்டரி கேன்டீனுக்குக் கோடையில் அறுபது தண்ணீர்ப் பானை வேண்டியிருந்தது. இரண்டு வீட்டிலும் மாதிரிக்கு நான்கு கேட்டார்கள். ஒரு வாரம் தண்ணீர் ஊற்றிப் பார்ப்பார்களாம்; தேறுகிற வீட்டுக்கே வருஷாவருஷம் வேலை. தேறாவிட்டால் தனி அடுப்பு வேண்டாம், அண்ணனோடேயே சேர்ந்துவிடலாம் என்று கலியமூர்த்தி சொல்லிவிட்டான். சேருவதாம், நல்லாயிருக்கிறது கதை! குப்பம்மா அளந்து போடுகிற சோற்றைத் தின்பதற்கு ஏரியில் விழலாம்.

கன்னியம்மாள் கரைத்து வைத்த குழம்புக்கு வயது பத்தே நாள். குப்பம்மாவுடையதோ முதிர்ந்தது. வயிறு எரிந்தது அவளுக்கு. ஏரிக்கரையில் நத்தை ஓடு பொறுக்கி வந்து குருணையாய் இடித்தாள். குப்பம்மா ரேஷனுக்குப் போன நேரம் பார்த்து அவள் சாலில் ஒரு கை போட்டுக் கலக்கி, சாக்கை முன்போலவே மூடினாள். அந்த ஓடு சூளையில் ஒன்றும் செய்யாது. வெந்த பிறகு ஈரம் பட்டால்தான் உள்ளேயே பூத்து, பானையின் தோலைப் பெயர்த்துத் தள்ளும். குயவர் வீடுகள் இரண்டு தரம் வடிகட்டுவதே அதற்குப் பயந்துதான்.

கன்னியம்மாள் சூளைக்கு வறட்டி சேர்க்கப் போயிருந்தபோது கலியமூர்த்தி தங்கள் நான்கு பானைக்கும் துணியால் குழம்பு பூசி முடித்திருந்தான். சூளை பிரித்தால் நான்கும் ரத்தச் சிவப்பு. பத்து நாள் குழம்புக்கா இந்த நிறம் என்று அவளுக்கே தலைகால் புரியவில்லை. எல்லாம் தன் கைராசி என்று குப்பம்மா காதில் விழும்படி நாலு தரம் சொன்னாள்.

ஐந்தாம் நாள் கலியமூர்த்தி கேன்டீனிலிருந்து பானைகளைத் திருப்பிச் சுமந்துகொண்டு வந்தான். மேலெல்லாம் அம்மைத் தழும்பாய்க் குழி, குழிக்குள் வெள்ளைப் பொட்டு. கன்னியம்மாள் ஒரு பொட்டை நகத்தால் கீறிப் பார்த்தாள்; நத்தை ஓடு.

"நம்ம கொழம்பு திட்டுத் திட்டா நின்னுச்சி. ஒனக்குத் தெரியாம அண்ணிகிட்ட கேட்டேன். மூஞ்சி சுளிக்காம குட்த்துச்சி" என்றான் அவன்.

குப்பம்மா தன் வாசலில் முறத்தோடு நின்றிருந்தாள். ஆறு மாதத்துக்குப் பிறகு கன்னியம்மாளின் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"தெனம் வெரல உட்டுப் பாக்கறவ நானு. நறநறன்னுச்சி. ஒன்னுதுதானேன்னு ஒன் ஊட்டுக்கே அனுப்சேன். எங்க பானைக்கு ஊட்டுக்குள்ள வேற கொழம்பு வெச்சிகீறேன்."

கலியமூர்த்தி ஒன்றும் புரியாமல் இருவரையும் பார்த்தான். குப்பம்மா முறத்திலிருந்த அரிசியைப் புடைத்துக்கொண்டே உள்ளே திரும்பினாள்.

"ஒலைல ஒங்க ரெண்டு பேருக்கும் சேத்துப் போட்றேன். தட்ட எத்துகினு வா."