நீலப் பட்டை தெருவுக்கு வந்த விதம்

வரி அலுவலகக் கணினியில் புது மென்பொருளை நிறுவும் பெட்டி திரைக்குள் அடங்கவில்லை. அதன் கீழ்ப்பாதி மேசைமேல் வழிந்து பீரோவுக்கு அடியில் போய்க் கிடந்தது. பொத்தான்கள் எல்லாம் அங்கேதான் இருந்தன. வாசகமும் பாதியில் வெட்டுப்பட்டிருந்தது: 'பழைய பதிப்பு நீக்கப்படும். அதோடு சேர்த்து'. சரிபார்க்க வந்த கணினிக்காரருக்கு இதெல்லாம் தண்ணீர் பட்ட பாடு. எழுத்தின் அளவைக் குறைத்தால் பெட்டி ஒழுங்காக உள்ளே வந்துவிடும். ஆனால் அதற்குக் கொஞ்ச நேரம் பிடிக்கும்; அதே அலுவலகத்தில் வேலை பார்க்கும் அவர் மனைவியோ சாப்பாட்டுப் பையோடு வாசலில் நின்றாள். அவர் தொழிலில் எல்லோரும் செய்வதைத்தான் அவரும் செய்தார். கண்ணில் படாத பொத்தான் எப்போதும் 'அடுத்து' தான் என்று என்டரைத் தட்டிவிட்டுச் சாப்பிடப் போனார்.

மறுநாள் தலைமை எழுத்தரைக் காணவில்லை. அவர் நாற்காலியும் இல்லை. வீட்டுக்கு ஆள் அனுப்பினார்கள். அந்த எண்ணில் வீடே இல்லை. கணினிக்காரர் கணினிக்கு ஓடினார். எழுத்தைச் சிறிதாக்கி மீதி வாசகத்தைப் படித்தார்: 'இங்கே பணியில் சேர்ந்தவர்களும், சேர்ந்த வரிசைப்படி.' தலைமை எழுத்தருக்கு அடுத்துச் சேர்ந்தவள் அவர் மனைவி. 'ரத்து' பொத்தான் மங்கிப்போய் அசையாமல் கிடந்தது. மின்சாரத்தைப் பிடுங்கினார், அணைந்த திரையிலும், வேலை எவ்வளவு முடிந்தது என்று காட்டும் நீலப் பட்டை ஊர்ந்தது. எழுத்து சிறுத்ததில் பட்டையும் சுருங்கி, அதை நிரப்பி வந்த நீலம் கடைசி விளிம்பைத் தொடப் பார்த்தது; தொட்டுவிட்டால் அவளும் இல்லை. பதறிப்போய் எழுத்தைப் பழையபடி பெரிதாக்கினார். பட்டை நீண்டு, விளிம்பு தள்ளிப்போனது. நீலம் இருந்த இடத்திலிருந்து மெதுவாக நகர்ந்தது.

"நான் வேலைய விட்டுடவா?" என்றாள் மனைவி.

"சேர்ந்தவங்கதான் கணக்கு. விட்டவங்களப் பத்தி அதுல ஒண்ணும் போடல" என்றார்.

அன்றிலிருந்து தினமும் காலையில் எழுத்தை ஒரு படி பெரிதாக்குகிறார். ஊர்ப்பட்ட திரைகளைச் சரிசெய்து பேர் வாங்கிய மனிதர், ஒரே ஒரு திரையை மட்டும் கெடுத்துக்கொண்டே இருக்கிறார். பட்டை அலுவலகச் சுவரைத் தாண்டித் தெருவுக்கு வந்து ஆண்டுகள் ஆகிவிட்டன. முதலில் முணுமுணுத்த தெருக்காரர்கள் இப்போது அதில் துணி காயப்போடுகிறார்கள். ஒருமுறை அவர் காய்ச்சலில் படுத்துவிட்டார். எழுந்து ஓடுவதற்குள் மனைவியின் நிழல் போய்விட்டது, அது திரும்பவில்லை. அவளும் நிழல் இல்லாமலே வேலைக்குப் போய்வரப் பழகிக்கொண்டாள். அவருக்குத்தான் அவள் வெயிலில் நடப்பதைப் பார்க்கத் தைரியம் இல்லை.

நேற்று நீலம் அவர்கள் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டது. காய்ந்த துணியை அதிலிருந்து உருவிக்கொண்டே, "இன்னைக்கு எழுத்தப் பெரிசாக்கிட்டீங்களா?" என்று கேட்டாள், அடுப்பை அணைத்தீர்களா என்று கேட்கும் அதே குரலில்.

"ஆச்சு" என்றார். அதற்கு மேல் பெரிதாக்க அளவே இல்லை என்பதை அவர் சொல்லவில்லை. அவள் துணியை மடித்து வைத்துவிட்டு, இரண்டு பேருக்கும் தட்டு எடுத்து வைத்தாள்.