பேனா கட்டிய மெஷின்

போர்டுக்காரருக்குக் கை நடுக்கம் வந்தது முதலில் எட்டு என்ற எண்ணில்தான் தெரிந்தது. கடைகளுக்கும் வீட்டுக் கதவுகளுக்கும் எழுத்தும் எண்ணும் அக்ரிலிக்கில் அறுத்துக் கொடுப்பது அவர் தொழில். ஒன்று, நான்கு, ஏழெல்லாம் நேர்கோடு, எப்படியாவது ஒப்பேற்றிவிடலாம். எட்டில் இரண்டு வளையம். அங்கே கையால் எதையும் மறைக்க முடியாது.

அறுபத்துநான்கு வீடுகள் கொண்ட ஓர் அடுக்குமாடியின் மேனேஜர், மாதிரிக்கு வாங்கிப்போன எட்டைத் திரும்பக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார்.

"தப்பா நினைச்சுக்காதீங்கண்ணே. எலி கடிச்ச மாதிரி இருக்கு. மாசக் கடைசி வரைக்கும் பார்க்கிறேன். அதுக்கப்புறம் வேற ஆள்தான்."

அவர் போனதும் போர்டுக்காரர் ரம்பத்தை ஆணியில் மாட்டினார். அதே கடையின் முன்பாதியில் தையல் மெஷின் போட்டிருந்த அவர் மனைவியிடம், "இத்தோட சாத்திடலாமா?" என்று கேட்டார். அவள் வாயிலிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டுத்தான் பதில் சொன்னாள்.

"சாத்திட்டு? வீட்ல உட்கார்ந்து குழம்புல உப்பு கம்மின்னு சொல்லிக்கிட்டிருக்கவா? என்னால தாங்க முடியாதுங்க."

சிரிக்கத்தான் சொன்னாள். ஆனால் வேலையில்லாமல் அவர் எத்தனை நாள் இருப்பார் என்று அவளுக்குப் பயமாக இருந்தது.

அவள் தம்பி வயர்மேன். கம்ப்யூட்டரில் போட்ட படத்தைத் தானே வெட்டும் சி.என்.சி. மெஷினை நாமே கட்டிவிடலாம் என்றது அவன்தான். மூடிப்போன ஒரு தொழிற்சாலையின் பழைய சாமான்களிலிருந்து மோட்டார்களும் கண்ட்ரோலரும் தேடிப் பிடித்தான். சட்டத்துக்குத் தடித்த பிளைவுட். வெட்டும் தலைப்பகுதியை இப்படியும் அப்படியும் நகர்த்த, ஹார்டுவேர் கடையில் கிடைத்த சாதாரண மரைக்கம்பியும் நட்டும். மிச்சமிருந்த கையிருப்பு ஏதாவது ஒரு பகுதியை நல்லதாக வாங்கத்தான் காணும்.

மாமனுக்கும் மச்சானுக்கும் வெட்டுகிற மோட்டார்மேல், அதாவது ஸ்பிண்டில்மேல்தான் கண்.

"ரெண்டு கிலோவாட், மாமா! சோப்புக் கட்டியை அறுக்கிற மாதிரி அறுக்கும்."

"அக்ரிலிக்குக்கு எதுக்குடா மலையை உடைக்கிற மோட்டார்?" என்றாள் அவள். "துணி கோணலா நகர்ந்தா, மோட்டார் வேகமா ஓடி என்ன ஆகப்போகுது? கோணலைத்தான் வேகமா தைக்கும்."

"அக்கா, இது தையல் மெஷின் இல்ல."

"இப்போதைக்கு மெஷினே இல்ல. நாலு பலகை."

அவள் சொன்னது இதுதான்: எதையும் வாங்குமுன் ஒரு பேனாவைக் கட்டி வரைந்து பார்க்கலாம். பேனா செலவில்லாதது. தம்பி முணுமுணுத்துக்கொண்டே ரப்பர் பேண்டில் பேனாவைக் கட்டினான். மெஷின் தாளில் ஓர் எட்டு போட்டது.

எட்டடி தள்ளி நின்றால் அழகான எட்டு. குனிந்து பார்த்தால், கம்பி திசை மாறும் இடங்களிலெல்லாம் வளையம் சப்பையாகியிருந்தது. திரும்பும்போது கம்பி ஒரு முடியளவு சும்மா சுழன்ற பிறகே நட்டைத் தள்ளத் தொடங்குகிறது. ஆரம்பித்த இடமும் முடிந்த இடமும் சேரவேயில்லை.

போர்டுக்காரர் கண்ணாடியை ஏற்றிவிட்டு வெகுநேரம் பார்த்தார்.

"என் கை மாதிரியே இருக்கே," என்றார்.

மற்ற இருவருக்கும் எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. அவரே தொடர்ந்தார்: "என் வியாதி இதுக்கும் வந்திருக்குடா. ரெண்டு கிலோவாட் வேற கொடுத்தா, நல்லா பலமா நடுங்கும்."

முதலில் சிரித்தவரும் அவர்தான்.

அன்றே பட்டியல் தலைகீழானது. முதலில், நட்டுக்குள் சின்னக் குண்டுகள் உருள்வதால் ஆட்டமில்லாத பால் ஸ்க்ரூவும் அதன் நட்டும், நேராக ஓட ரெயிலும். அடுத்து, எல்லாவற்றையும் சட்டென்று நிறுத்தும் சிவப்புப் பொத்தான். நடுங்கும் கை தவறவிடாத அளவுக்குப் பெரியதாக வேண்டுமென்று அவள் பிடிவாதம் பிடித்தாள். மூடி, பெயிண்ட், தனி கம்ப்யூட்டர் திரை எல்லாம் அடிபட்டுப்போயின. ஸ்பிண்டிலுக்கு வழியில்லை.

வழி பக்கத்துக் கடையிலிருந்து வந்தது. தச்சர் தன் கை ரூட்டரைத் தூக்கிக்கொண்டு வந்தார். மரத்தின் விளிம்பைச் சீவும் சின்ன மெஷின்; ஸ்பிண்டில் இடத்தில் மாட்டினால் அக்ரிலிக்கையும் வெட்டும்.

"காலையில எனக்கு வேணும், அண்ணி. மத்தியானம் சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் தூங்குவேன். அப்ப உங்களுது."

தினமும் அவரே வந்து மாட்டிக் கொடுப்பார். ரூட்டர் போடும் கூச்சலில், நடுவே ஒரு பலகைச் சுவர் மட்டும் இருக்கிற கடையில் எந்த மனிதனாலும் தூங்க முடியாது என்று அவளுக்குத் தோன்றவே பல மாதம் ஆனது. தச்சரிடமே கேட்டாள். "எனக்குப் பகல் தூக்கம் எந்தக் காலத்துல வந்துச்சு?" என்று சொல்லிவிட்டு இழைப்புளியைத் தேடப் போய்விட்டார்.

ஸ்க்ரூவும் ரெயிலும் வந்தன. பேனா மறுபடி எட்டு போட்டது. கோடு வந்து கோட்டோடு சேர்ந்தது. எங்கே சேர்ந்ததென்று காட்ட முடியவில்லை. போர்டுக்காரர் நம்பாமல் இன்னொன்று போடச் சொன்னார். அப்படியே பதினான்கு.

"தாள் என்ன சும்மாவா வருது?" என்றாள்.

"நீ சும்மா இரு. எத்தனை நாளாச்சு நான் ஒழுங்கா ஒரு எட்டு போட்டு!"

மாசக் கடைசிக்கு இரண்டு நாள் முன்னால் மேனேஜர் வந்தார். மெஷின் அக்ரிலிக்கில் வெட்டிய எட்டின் வளையத்துக்குள் விரலை விட்டுச் சுற்றினார். மறு வளையத்திலும் சுற்றினார்.

"எலி ஊருக்குப் போயிருக்கு," என்றார் போர்டுக்காரர்.

அறுபத்துநான்கு கதவுகளுக்கும் எண் அவர்தான் கொடுத்தார். அதற்குப் பிறகு இரண்டு வருடமும் சில மாதங்களும் மத்தியானந்தோறும் மெஷின் ஓடியது. பெரிய ஸ்பிண்டில் வாங்கவேயில்லை, யாரும் கேட்கவுமில்லை.

அவர் வீடு திரும்பாத அந்தக் கடைசித் தடவை, ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று நர்ஸ் படிவம் நிரப்பினாள். அவருடைய கைகளைப் பார்த்துவிட்டு, "என்னங்கய்யா, வேலையெல்லாம் விட்டாச்சா?" என்று கேட்டாள்.

"யார் சொன்னது?" என்றார் அவர். புருவத்தில் வெள்ளையாக அக்ரிலிக் தூள். "எழுதிக்கம்மா, போர்டு செய்யறவன்னு. வியாழக்கிழமை ஒரு பல் டாக்டருக்கு டெலிவரி இருக்கு, அதுக்குள்ள அனுப்பிடுங்க."

நர்ஸ் சிரித்துக்கொண்டே எழுதினாள். பக்கத்தில் நின்ற மனைவி முந்தானையால் அவர் புருவத்தைத் துடைத்தாள். அந்தப் பதிலை அவர் சொல்லும்படி செய்தவர்கள் எத்தனை பேர் என்று அவள் இன்றும் நினைத்துக்கொள்கிறாள்: பழைய சாமான்களில் தேடிய தம்பி, தூங்காத தச்சர், மாசக் கடைசி வரை பொறுத்த மேனேஜர். பட்டியல் அதோடு முடிவதில்லை. பேனா வரைந்ததைப் பார்த்துவிட்டு, தன் ஆசையைத் தானே அடித்துவிட்டு அவள் பேச்சைக் கேட்ட மனிதரும் அதில் உண்டு.

வியாழக்கிழமை அவள் தம்பியோடு போய் டெலிவரி கொடுத்தாள். பல் டாக்டர் நன்றாக இருக்கிறது என்றார். ஆஸ்பத்திரிக்கு வந்து அவரிடம் சொன்னாள். கேட்டுக்கொண்டார்.