பைசாவுக்கு இரண்டு ஓட்டை

பதினெட்டாயிரத்து நூற்று முப்பத்தைந்து ரூபாய் பாக்கி என்று அச்சடித்த சம்பளச் சீட்டை, அண்ணன் சொரிமுத்துவைக் குளிப்பாட்டத் தூக்கும்போது தலையணைக்கடியிலிருந்து உருவி மடியில் சொருகிக்கொண்டான் ஆவுடையப்பன்.

விடியற்காலையில் உயிர் போயிருந்தது. எட்டு மாதமாக வீட்டை நிறைத்திருந்த இழுப்புச் சத்தம் நின்றுபோய், பக்கத்து வீட்டு ரேடியோ தெளிவாகக் கேட்டது.

"உக்காந்துக்கிட்டேல்லா தூங்குனாவ," என்றாள் மதினி வடிவம்மாள். "இனியாவது நீட்டிப் படுக்கட்டும்."

அண்ணன் சம்பளத்தின் பேரில் கடன் வாங்கியதே ஐந்நூறுதான். அதில் நூற்று எண்பத்து நாலு ரூபாய் ஐம்பது பைசா மிச்சமிருந்தபோது, தூத்துக்குடியில் அவர்களுக்கு வேலை தந்த சரக்கேற்றும் கம்பெனி கணக்கு மிஷினை மாற்றியது. பழைய மிஷினின் அட்டையில் எண்ணெல்லாம் வட்ட ஓட்டையாக இருக்கும். புதியது நீள ஓட்டையைத்தான் தின்னும். அதனால் எல்லார் கணக்கையும் புது அட்டையில் மறுபடி குத்தினார்கள். கடைசி இரண்டு எண்ணைப் பழையது பைசாவாகப் படித்திருந்தது. புதியது எல்லாவற்றையும் ரூபாயாகப் படித்தது. பாக்கி பதினெட்டாயிரத்து நானூற்றைம்பது ஆனது.

"ஏலே, கப்பலு எதும் வெலைக்கு வாங்கிட்டியா?" என்று பார்க்க வந்த கூட்டாளிகள் கேலி செய்தார்கள். அண்ணனும் சிரித்தான். சிரித்தால் இருமல் வரும்.

மற்றவர்கள் ஆபீசுக்குப் போய் எழுதிக் கொடுத்துச் சரிசெய்துகொண்டார்கள். கடன் வாங்கியவரே நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டுமாம். படுத்தவன் எங்கே போவான்? நோய்ச் சம்பளத்தில் மாதம் நாற்பத்தைந்து, ஏழு மாதமாகப் பிடித்தார்கள்.

அந்தக் கடனுக்கு ஜாமீன் ஆவுடையப்பன். முதியோர் பள்ளியில் எழுத்துப் படித்து அவன் போட்ட முதல் கையெழுத்து அது. ஆள் போனால் பாக்கி ஜாமீன்தாரர் தலையில் என்று அன்றே வாசித்துக் காட்டியிருந்தார்கள். அண்ணன் தலையில் தண்ணீர் ஊற்றும்போதும் அந்தத் தொகைதான் மனதில் ஓடியது. தன் முகத்தை யாரும் பார்த்துவிடக் கூடாதென்று குனிந்தே ஊற்றினான்.

பத்து மணிக்கு மிஷின் ரூம் கிளார்க் ஜெபசீலன் மாலையோடு வந்தார். மாலையைப் போட்டுவிட்டு ஆவுடையப்பனை வேப்பமரத்தடிக்கு அழைத்துப் போனார்.

"அண்ணாச்சி, பாக்கி இனி உங்க பேருக்கு மாறும்."

ஆவுடையப்பன் மடியிலிருந்த சீட்டைத் தொட்டுப் பார்த்தான். "எஞ் சம்பளத்துல பிடிக்கப் போறியளா சார்?"

"மாறட்டும்னுதான் வாரேன். உங்க பேருல இருந்தாத்தான் தப்புன்னு நீங்க எழுதிக் குடுக்க முடியும். மொதத் தாள்ல கடனை ஏத்துக்கிடுதேன்னு போடுங்க. ரெண்டாவதுல கணக்கு தப்புன்னு போடுங்க."

"மொதத் தாளை வாங்கிட்டு நீங்க எந்திச்சுப் போயிட்டா?"

ஜெபசீலன் மண்ணிலேயே உட்கார்ந்தார். "ரெண்டையும் நீங்களே வச்சுக்கிடுங்க. எம் பேனாவையும் வச்சுக்கிடுங்க. சிலோன்ல இருந்து மச்சான் கொண்டாந்தது, அதை விட்டுட்டு நா எங்கயும் போவ மாட்டேன்."

"இதே தாளை ஏழு மாசத்துக்கு முந்தி இங்கன கொண்டாந்திருக்கலாம்லா?"

ஜெபசீலன் தரையைப் பார்த்தார். "கேட்டேன் அண்ணாச்சி. வெளிய கொண்டுபோவ விடல. இன்னைக்கு சாவுன்னு சொல்லவும் விட்டாவ."

ஆவுடையப்பன் எழுத்துக் கூட்டி இரண்டு தாளையும் வாசித்தான். பாடை கட்டியவர்களில் ஒருவர், "வெயில் ஏறுதுல்லா," என்றார். அவன் அவசரப்படவில்லை. முதல் தாளில் கையெழுத்துப் போட்டான். மை வராமல் பேனாவை உதறிய நேரத்தில், அவன் பதினெட்டாயிரத்து நூற்று முப்பத்தைந்து ரூபாய்க் கடன்காரனாக இருந்தான். பிறகு இரண்டாம் தாளிலும் போட்டான்.

ஜெபசீலன் பையிலிருந்து முத்திரையை எடுத்து, வாயால் ஊதி ஈரமாக்கிக் குத்தினார். கடன் தீர்ந்தது.

"பிடிச்சது முந்நூத்திப் பதினஞ்சு. கூடப் பிடிச்ச நூத்தி முப்பது ரூவா அம்பது பைசாவ வர்ற சனிக்கிழமை உங்க மதினி கையில தருவாவ."

பதினொரு மணிக்குத் தூக்கினார்கள். ரயில்வே கேட் அடைத்திருந்தது. உப்பு ஏற்றிய கூட்ஸ் வண்டி, வேலைவெட்டி இல்லாதவன்போல மெல்லப் போய்க்கொண்டிருந்தது. பாடையின் முன்கொம்பைத் தோளில் தாங்கி நின்ற ஆவுடையப்பனுக்குக் கொட்டாவி வந்தது. இத்தனை பேர் நடுவே எப்படி என்று பல்லைக் கடித்து அடக்கிப் பார்த்தான். முடியவில்லை. கண்ணில் நீர் கோக்கும்வரை, நீளமாக விட்டான்.