எலிக்கு வைத்த குழாய்

1

இந்தக் கதை என்னுடையதல்ல. என் தொலைபேசித் திரை உடைந்து, வெள்ளவத்தையில் றிகாஸின் கடைக்குப் போனபோது கிடைத்தது. திருத்தும் வேலையை வேறொருவர் செய்தார். முடிந்ததும் றிகாஸ் அதை இடது கையால் நீட்டினார்.

"குறை நினைக்காதீங்க. வலது கைக்குப் பிடிபடுதில்ல."

அந்தக் கூச்சம் என்னை விடவில்லை. பிறகு அவரிடமும் அவர் மனைவி மஸாஹிராவிடமும் தனித்தனியே பேசினேன். எழுதுவேன் என்று சொல்லிவிட்டுத்தான் பேசினேன். (சம்மதித்தார்கள். ஒருவரைப் பற்றி மற்றவர் என்ன சொன்னார் என்று அறிய இருவருக்கும் ஆசை இருந்தது.)

2

முதல் தொடக்கம்: "அன்று கடல் அமைதியாக..." வேண்டாம். கடலுக்கு இதில் வேலையில்லை.

இரண்டாவது: "அவள் விஞ்ஞானி, அவனோ..." இதுவும் வேண்டாம். நான் யார் பக்கம் என்பது முதல் வரியிலேயே தெரிந்துவிடும்.

நடந்ததையே சொல்கிறேன். கதைக்குள் வந்துவிட்டதால் இனி அவன், அவள்.

கடையின் கண்ணாடி அலுமாரி சரிந்தது. தாங்கப்போன றிகாஸின் மணிக்கட்டில் கண்ணாடி இறங்கியது. கட்டைவிரலுக்குப் போகும் நரம்பில் ஒரு துண்டு சிதைந்துபோனது. மஸாஹிராவோ ஆய்வுகூடமொன்றில் அறுந்த நரம்புகளுக்குக் குழாய் செய்கிறவள்.*

* தலைமயிரைவிடப் பலமடங்கு மெல்லிய நானோ இழைகளால் ஆன குழாய். அறுந்த இரு முனைகளையும் அதற்குள் செருகித் தைத்தால், நரம்பு அந்த இழைகளைப் பற்றிக்கொண்டு மறுமுனைவரை வளரும். பிறகு குழாய் கரைந்துவிடும். அவளுடைய குழாயால், கால் நரம்பு அறுந்த எலிகள் மீண்டும் நடந்தன. மனிதருக்கு அதுவரை வைத்ததில்லை.

3

ஆஸ்பத்திரியில் அவன் கேட்டான்.

"ஒன்ட குழாய வெக்கச் சொல்லு."

"ஏலாது. மனிசருக்கு வெக்க இன்னும் அனுமதி இல்ல."

"எலி நடக்குதுதானே?"

"எல்லா எலியும் நடக்கல்ல, றிகாஸ். சிலதுக்கு உள்ளுக்கே இறுகி, நரம்பு நசிஞ்சி போச்சி."

"என்ட கை. நான்தான் சொல்றேனே."

அவள் அசையவில்லை. டாக்டர் வழக்கமான முறைப்படி அவனுடைய காலிலிருந்து நரம்பெடுத்து மணிக்கட்டில் தைத்தார். நரம்பு போதிய அளவு வளரவில்லை. கட்டைவிரலின் கீழ்த் தசை வற்றிப்போனது. நரம்பெடுத்த காலில் பாதத்தின் ஓரமும் மரத்துப்போனது.

4

மஸாஹிராவை நான் முழுதாக நம்பவில்லை. அவனுக்காகப் பயந்தாளா, தன் ஆய்வுக்காகவா? ("அவள் கண்களில் ஒரு..." கண்களை விடுவோம்.) நேரடியாகவே கேட்டேன்.

"ரெண்டுக்கும்தான்," என்றாள். "எது கூட எண்டு மட்டும் கேக்காதீங்க."

றிகாஸ் இதை வாசிப்பான் என்று அவளுக்குத் தெரியும்.

5

பிறகு குழாயைத் திருத்தினாள், இறுகுவது நின்றது. மனிதரில் சோதிக்க அனுமதியும் கிடைத்தது. வீட்டுக்கு வந்து சொன்னாள். அவன் கையைக் கழுவிக்கொண்டு வந்து மேசையில் நீட்டினான்.

"அப்ப எனக்கு?"

"ஒங்கட தசை செத்துப்போச்சி. இனி நரம்பு வந்தாலும் வேல செய்யாது."

அவன் கையை எடுக்கவில்லை. அவளே எழுந்து அடுப்படிக்குப் போனாள். (இங்கே அவளை அழவைத்து ஒரு பத்தி எழுதினேன். அவள் அழவில்லை என்றாள். வெட்டிவிட்டேன்.)

6

சோதனைக்கு முதலாவதாகத் தெரிவானவள் வத்தளைத் தொழிற்சாலையொன்றில் கை நரம்பு வெட்டுப்பட்ட டில்ஷானி. அவள் பயந்தாள். சம்மதிக்குமுன், வழக்கமான சத்திரசிகிச்சை சரிவராமல்போன ஒருவரைப் பார்க்கவேண்டும் என்றாள். அப்படி ஒருவனை மஸாஹிராவுக்குத் தெரியும். கேட்டாள். அவன் ஓம் என்றான். ஏன் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

வார்டில் றிகாஸ் சட்டைக்கையை மடித்து, வற்றிய கையைக் காட்டினான். டில்ஷானி தொட்டுப் பார்த்தாள். பிறகு மஸாஹிராவைப் பார்த்தாள்.

"இவ உங்கட மிசிஸ்தானே?"

"ஓம்."

"அப்ப ஏன் உங்களுக்கு அத வெக்கல்ல?"

இங்கே மூன்று முடிவுகள் எழுதினேன். ஒன்றில் அவன், "அப்ப அனுமதி இல்ல" என்று மனைவியைக் காப்பாற்றுகிறான். இன்னொன்றில், "அவவிட்டயே கேளுங்க" என்கிறான். மூன்றாவதில் சட்டைக்கையை இறக்கிவிட்டு எழுந்து போகிறான்.

டில்ஷானி சம்மதித்தாள். அவளுக்குக் குழாய் வைத்தாயிற்று; விரல் அசையுமா என்று தெரிய இன்னும் காலம் இருக்கிறது. ஆனால் றிகாஸ் சொன்ன பதிலைக் கணவன் மனைவி இருவருமே எனக்குச் சொல்லவில்லை. இன்னும் ஒரே வீட்டில்தான் இருக்கிறார்கள்.

அந்தப் பதிலை நான் எழுதமாட்டேன். உங்கள் கையில் உணர்வு இருக்கிறது. நீங்கள் எழுதுங்கள்.