நாலேகால் மீட்டர்

“இது வேண்டாம்மா. அழகாத்தான் இருக்கு. ஆனா இதை நம்பித் துணி எடுத்தா உண்ணாமலை என்னை வூட்டுக்குள்ள விடமாட்டா” என்றார் தங்கசாமி.

பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடியில் இருந்தது அந்தக் கம்ப்யூட்டர் சென்டர். திரையில் மஞ்சளும் நீலமுமாகக் கட்டம் கட்டமாய் ஒரு போர்வை விரிந்து கிடந்தது. சென்டர் நடத்துகிற ஜெயசுதா மவுஸை அமுக்க அமுக்க நிறம் மாறியது. தங்கசாமிக்கும் கண்ணை எடுக்க மனசில்லைதான்.

“ஏங்கய்யா? எவ்வளவு டிசைன் இருக்கு பாருங்க.”

“டிசைன் அவ மண்டையிலயே இருக்கும்மா. எத்தனை மீட்டர் துணி ஆவும்னு இது சொல்லலையே.”

துண்டுத் துணிகளைச் சேர்த்துத் தைக்கிற ஒட்டுப் போர்வை என்றால் வேப்பந்தட்டையில் அவர் மனைவி உண்ணாமலைதான். கட்டம் போட்ட தாளில் பென்சிலால் வரைந்து, தையலுக்கு இவ்வளவு, மொத்தம் இத்தனை மீட்டர் என்று தானே கணக்குப் போடுவாள். இப்போது வயிற்றில் கட்டி. இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று திருச்சி ஆஸ்பத்திரியில் அனுப்பிவிட்டார்கள். கண் மங்கி, எண்ணுகிற கட்டமெல்லாம் நழுவியது. கூடத் தைக்கும் கிருஷ்ணம்மாளுக்குக் கணக்கு வராது. எறையூர் ஆலைக்குக் கரும்பு லாரி ஓட்டி ஓய்ந்த தங்கசாமிக்கோ சுத்தமாக வராது.

“ஊருக்கெல்லாம் தைச்சேன், நம்ம வூட்டுக்கு ஒண்ணு தைக்கல. துணிக் கணக்கு மட்டும் தெரிஞ்சுட்டா கிருஷ்ணா தைச்சுருவா. எனக்கு நிம்மதி” என்று சொல்லியிருந்தாள். அதற்காகத்தான் முதல் பஸ் பிடித்து வந்திருந்தார்.

ஜெயசுதா இன்னொரு புரோகிராமைத் திறந்தாள். வெள்ளைத் திரை, வெறும் கோடுகள்.

“ஒரு கட்டம் எவ்வளவுன்னு கேக்குதுங்க.”

“ஒம்பது இஞ்சு.”

“தையலுக்கு?”

“சுத்தியும் கால் இஞ்சு.”

“துணி அகலம் நாப்பத்துநாலுன்னு அதுவாவே போட்டிருக்கு.”

“மாத்தும்மா, மாத்து! நாங்க எடுக்குறது முப்பத்தாறு. மூணு தடவை சொல்லி அனுப்பிருக்கா.” அவருக்குச் சிரிப்பு வந்தது. “இதுவே இருக்கட்டும். அவளை மாதிரியே கேள்வி மேல கேள்வி கேக்குது.”

“கட்டில் ஒரு ஆள் படுக்கிறதுங்களா, ரெண்டு பேரா?”

“ரெண்டு பேர்தாம்மா” என்றார், யோசிக்காமல்.

ஒவ்வொரு நிறத்திலும் நாலரை கெஜம் என்றது அது. ஜெயசுதா மீட்டருக்கு மாற்றி, “நாலேகால் எடுங்க. கொஞ்சம் மிஞ்சும்” என்றாள்.

மறந்துவிடக் கூடாதே என்று பஸ்ஸில் வாய்க்குள் சொல்லிக்கொண்டே வந்தார். கண்டக்டர், “எங்க போவணும்?” என்றார்.

“நாலேகால்.”

“நாலேகாலுக்கு இந்த வண்டி போவாது பெரியவரே.”

வீட்டில் உண்ணாமலை கண்ணை மூடியபடி கேட்டாள்: “என்ன சொல்லுச்சு?”

“மஞ்சள்ல நாலேகால், நீலத்துல நாலேகால்.”

அவள் உதடு அசைந்தது. கணக்குப் பார்க்கிறாள். “தையலுக்கு விட்டீங்களா?”

“விட்டாச்சு.”

“அகலம்?”

“முப்பத்தாறுதான் புள்ள.”

“அப்ப எப்படி நாலேகால் வரும்? எந்தக் கட்டிலுக்குச் சொன்னீங்க?”

“நம்ம கட்டிலுக்குத்தான்.”

கால்மாட்டில் துணி மடித்துக்கொண்டிருந்த கிருஷ்ணம்மாள், அடுப்பில் ஒன்றும் இல்லாதபோதே, “அடுப்பைப் பாத்துட்டு வரேன்” என்று எழுந்து போனாள்.

“ஒரு ஆளுக்குத்தானேங்க” என்றாள் உண்ணாமலை. “பெரிசாத் தைச்சா பாதி சும்மா கெடக்கும். நனைச்சா உங்களால தூக்கிப் பிழிய முடியுமா?”

“ஏன் முடியாது?”

“கரும்பு லாரி ஓட்டுனீங்க. கரும்பா தூக்குனீங்க? போயி மாத்திக் கேட்டுட்டு வாங்க.”

தெருமுனைக் கடையில் ஒரு ரூபாய் போன் இருந்தது. காசைப் போட்டார். ஜெயசுதா தட்டிப் பார்த்து, “ஒரு ஆளுக்குன்னா மூணு மீட்டர் போதுங்கய்யா” என்றாள். ரிசீவரை வைத்துவிட்டு, ஏதோ வாங்க வந்தவர் போலக் கடை வாசலில் கொஞ்ச நேரம் நின்றார்.

“மூணு” என்றார், வந்து.

“அதான் சரி. கிருஷ்ணா, கேட்டுக்கிட்டியா? மூணு.” அவள் முகம் தெளிந்தது. “அந்தப் பொண்ணுக்கு டீ வாங்கிக் குடுத்தீங்களா?”

“குடுத்தேன்” என்றார். குடுக்கவில்லை.

“பரவால்லியே” என்று சிரித்தாள். அதற்குப் பிறகு பேசவில்லை. விளக்கு வைக்கிற நேரத்தில் கிருஷ்ணம்மாள் வாயில் ஊற்றிய பால் கடைவாயில் வழிந்தது. தங்கசாமி தன் துண்டால் அதைத் துடைத்தார். துடைத்த இடத்தையே இன்னொரு தரம் துடைத்தார்.

மீன்சுருட்டியில் கட்டிக்கொடுத்த மகள் புஷ்பவல்லி வந்து விழுந்து அழுதாள். மறுநாள் உண்ணாமலையின் அண்ணன் கோடிச் சேலை கொண்டுவந்து போர்த்தினார். வெயில் ஏறுவதற்குள் எடுத்துவிட்டார்கள். “சாப்பிடுங்கப்பா” என்றபோது சாப்பிட்டார். “படுங்கப்பா” என்றபோது, கட்டிலில் எப்போதும் படுக்கிற ஓரத்திலேயே படுத்தார்.

காரியமெல்லாம் முடிந்து மகளும் ஊருக்குப் போன பிறகு, கிருஷ்ணம்மாள் அவரைத் துணிக்கடைக்கு அழைத்துப் போனாள். மஞ்சளை அவள்தான் தேர்ந்தெடுத்தாள். அழுத்தமான, வாழைப்பழ மஞ்சள்.

“எவ்வளவும்மா?” என்றார் கடைக்காரர்.

“மூணு மீ...”

“நாலேகால்” என்றார் தங்கசாமி. “நீலத்துலயும் நாலேகால்.”

கிருஷ்ணம்மாள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு கடைக்காரரிடம், “அளந்து கிழிங்கண்ணே. அவர் சொன்னா சரிதான்” என்றாள்.

மீட்டர் கோலை வைத்து அளக்க அளக்கத் துணி நீண்டது. மேசை நிறைந்து, இரண்டு பக்கமும் வழிந்து தரையைத் தொட்டது. தங்கசாமி குனிந்து, தன் பக்கத்து ஓரத்தை மட்டும் மண் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டார்.