முப்பத்தெட்டு டிகிரி

புதுக் கணப்பு எந்திரம் பூட்ட வந்த ட்ரீனா, காலையில் வேலை தொடங்கும் முன் கேட்டது ஒரே ஒரு கேள்வி.

“பழைய கணப்பை நீங்களே கழற்றுனீங்களா பெரியவரே? அதுக்குப் போன கேஸ் குழாய் என்னாச்சு?”

“அடைச்சாச்சு. நானே கீழே படுத்து அடைச்சேன்,” என்றார் வீட்டுக்காரர் ஹாலிஸ். “நாப்பது வருஷமா இந்த நிலத்துல குழாய் பூட்டுறவன்மா நான். உன் வேலையைப் பாரு.”

அவள் தன் வேலையைப் பார்த்தாள். முற்றத்தில் இருந்த புரொப்பேன் வாயுத் தொட்டியின் வால்வை மூடினாள். கணப்பும் குளிரும் ஒன்றாகத் தரும் புது எந்திரத்தை வீட்டுக்கு வெளியே சிமெண்டுப் பலகையில் மட்டம் பார்த்து நிறுத்தினாள். நகர வாயுவுக்கென்று வந்த பித்தளை முனைகளைக் கழற்றிவிட்டுப் புரொப்பேனுக்கான சிறிய துளையுள்ள முனைகளைப் பூட்டினாள். அப்போதுதான் ஓர் இணைப்புத் துண்டு அளவு மாறி வந்திருப்பது தெரிந்தது. கடை இருக்கும் கைமன் ஊருக்குப் போய் வர ஒன்றரை மணி நேரம் ஆகும்.

“நான் வர்ற வரைக்கும் தொட்டியைத் தொடாதீங்க. லைனைக் காத்து அடிச்சு சோதிக்கணும்.”

“சரி சரி, போ.”

வால்வுக்குப் போடும் பூட்டு வண்டியிலேயே இருந்தது. போட்டால் பெரியவர் கோபித்துக்கொள்வார் என்று போடவில்லை. அவள் செய்த தவறு அதுதான்.

திரும்பி வரும்போது வடக்கே வானம் நீலக்கறுப்பாகக் கட்டியிருந்தது. ஒக்லஹோமாவின் இந்த மேற்கு மூலையில் வாடை சொல்லிக்கொண்டு வருவதில்லை. நண்பகலில் அறுபது டிகிரி ஃபாரன்ஹீட் இருந்தது, முப்பத்திரண்டில் தண்ணீர் உறையும்; வண்டி வீட்டு வளைவில் திரும்பும்போது நாற்பத்து நான்கு காட்டியது.

தொட்டிக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தி இறங்கினாள். இறங்கியதும் நின்றுவிட்டாள்.

தொட்டியின் மேலிருந்த அழுத்தம் குறைக்கும் கருவி சீறிக்கொண்டிருந்தது. ஓர் அடுப்பு எரிந்தால் அந்தச் சத்தம் வராது. நான்கு எரிந்தாலும் வராது.

வால்வைப் பாய்ந்து மூடினாள். சீறல் நின்றது. முப்பதடி தள்ளி, சமையலறை ஜன்னலைத் திறந்து ஹாலிஸ் கத்தினார்.

“ஏம்மா! அடுப்பை அணைச்சிட்டியே! குழந்தைக்குப் பால் காயுது!”

“எப்போ திறந்தீங்க?”

“முக்கால் மணி இருக்கும். சுடர் தூங்கி வழியுது. உன் புது லைன் சரியில்ல போல.”

சுடர் ஏன் தூங்கியது என்று அவளுக்குப் புரிந்தது. வாயு அடுப்புக்குப் போகவில்லை, வேறெங்கோ போய்க்கொண்டிருந்தது.

இழுத்து வந்து கட்டைகள் மேல் நிறுத்திய தகர வீடு அது. தரைக்கும் தளத்துக்கும் நடுவே ஓர் ஆள் படுத்து நுழையும் இடைவெளி. குளிர்காலத்தில் தண்ணீர்க் குழாய் உறையாமலிருக்க எல்லோரும் செய்வதை ஹாலிஸும் செய்திருந்தார்: வீட்டைச் சுற்றி வைக்கோல் கட்டுகளை ஒரு விரல் இடைவெளி இல்லாமல் நெருக்கி அடுக்கியிருந்தார். புரொப்பேன் காற்றைவிடக் கனமானது, மேலே எழும்பாது. முக்கால் மணி நேர வாயுவும் அந்த வைக்கோல் அடைப்புக்குள்தான் கிடந்தது.

மோப்பம் பிடித்தாள். அழுகிய முட்டை நாற்றம் இருந்தும் இல்லாத மாதிரி இருந்தது. தொட்டி புதிது. கசிவு தெரிவதற்காக வாயுவில் சேர்க்கும் நாற்றத்தைப் புது இரும்பு முதல் நிரப்பலில் குடித்துவிடும்.

“பெரியவரே, கீழே தண்ணிக் குழாய்ல கரண்டு சூட்டுப் பட்டை சுத்தியிருக்கா?”

“இல்லாம? முப்பத்தெட்டு டிகிரி வந்தா தானே போட்டுக்கும். நல்ல பட்டை.”

ட்ரீனா மின்கம்பத்தைப் பார்த்தாள். தீவனக் கடைக்காரன் கொடுத்த வட்டத் தெர்மாமீட்டர் அதில் ஆணியடித்துத் தொங்கியது. நாற்பத்தொன்று. இன்னும் மூன்று டிகிரி இறங்கினால் அந்தப் பட்டையின் ஸ்விட்ச் வாயுவுக்கு நடுவே பொறி தட்டும்.

“எல்லாரும் வெளிய வாங்க. ஸ்விட்சைத் தொடாதீங்க. விளக்கை அணைக்கக்கூடத் தொடாதீங்க.”

“நாத்தமே இல்லையேம்மா.”

“கேஸி! குழந்தையைத் தூக்கிட்டு வா!”

ஹாலிஸின் மகள் கேஸி வாசலில் வந்து நின்றாள். பிறந்து மூன்று வாரமான குழந்தை தோளில் கிடந்தது. தகப்பனையும் ட்ரீனாவையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“இந்தக் குளிர்ல பச்சைக் குழந்தையை வெளிய கொண்டு போறியா?” என்றார் ஹாலிஸ். “அவ பயங்காட்டுறா. அவங்க பொழைப்பே அதுதான்.”

“அப்பா, சும்மா இருங்க,” என்று கேஸி படியிறங்கினாள். காலணி போடவில்லை.

ட்ரீனா அதற்குள் கம்பத்தை நோக்கி ஓடியிருந்தாள். நாற்பது. அதிலிருந்த மெயின் ஸ்விட்ச் பெட்டி துருவேறி இறுகியிருந்தது. குறடால் இரண்டு முறை தட்டினாள். இரும்பில் இரும்பு பட்டால் பொறி பறக்கலாம். ஆனால் காற்று வடக்கிலிருந்து வந்தது, கம்பம் வீட்டுக்கு வடக்கே இருந்தது. அதை நம்பினாள். மூடி திறந்ததும் கைப்பிடியைக் கீழே இழுத்தாள். ஜன்னல் விளக்குகள் அணைந்தன. குளிர்பெட்டியின் உறுமல் நின்றது.

முள் முப்பத்தொன்பதில் இருந்தது.

கேஸி வண்டிக்குள் ஏறிக்கொண்டாள். ஹாலிஸ் கடைசியாக, கோட்டை நிதானமாக மாட்டிக்கொண்டு வந்தார். அவரும் ட்ரீனாவும் வடக்கிலும் தெற்கிலும் வைக்கோல் கட்டுகளை இழுத்துத் தள்ளினார்கள். பத்தாவது கட்டு விலகியதும் ட்ரீனா வாயு கண்டறியும் கருவியை நீட்டினாள். அது வீறிட்டது. ஹாலிஸ் கையிலிருந்த கட்டை விட்டுவிட்டார்.

வாடை அடியில் புகுந்து அள்ளிக்கொண்டு போனது. கருவி முழுக்க வாயடைக்க ஒரு மணி நேரம் ஆனது. பிறகு அவள் டார்ச்சோடு கீழே ஊர்ந்தாள். பழைய கணப்பு இருந்த இடத்துக்குக் கீழே குழாய் வாய் பிளந்திருந்தது. பக்கத்தில், வால்வைத் திறந்த வேகத்தில் பிதுங்கி விழுந்த ஒரு சுருட்டிய துணியும், அதைச் சுற்றிப் பிய்ந்த ஒட்டுநாடாவும் கிடந்தன. வெளியே வந்து அதை அவர் காலடியில் போட்டாள்.

“இதுதான் அடைச்சதா?”

“கொஞ்ச நாளைக்குத்தானேன்னு...”

“நான் காலையில கேட்டேன்.”

“கேட்டே.”

அந்தக் குழாய் வாயில் இரும்பு மூடியைத் திருகிப் பூட்டினாள், கைமனிலிருந்து கொண்டுவந்த இணைப்புத் துண்டையும் பொருத்தினாள். காற்று அடித்தாள். அளவுமானியின் முள் கால் மணி நேரம் நின்ற இடத்தில் நின்றது. இன்னொரு கால் மணி நேரமும் பார்த்தாள். இணைப்புகள் அனைத்திலும் சோப்பு நுரை தடவினாள், ஒரு குமிழி வரவில்லை. ஹாலிஸைச் சாலைக்கு அனுப்பிவிட்டு மின்சாரத்தைப் போட்டாள், வால்வைத் திறந்தாள், எந்திரத்தை முடுக்கினாள். உள்ளே ஒரு சொடுக்கு. அந்தச் சொடுக்குக்கும் சுடருக்கும் நடுவே அவள் மூச்சு விடவில்லை.

சுடர் நீலமாக, சீராகப் பிடித்தது. வீட்டுக்குள் போகும் காற்றுக் குழாய்களில் வெதுவெதுப்பு ஏறியது. ஹாலிஸ் உள்ளே போய் வெதுவெதுப்பான காற்றில் கையைக் காட்டிப் பார்த்துவிட்டு வாசலில் வந்து நின்றார்.

“கேஸி! வா. அடுப்பு மாதிரி இருக்கு. பாரு, ஒண்ணும் ஆகல.”

கேஸி வண்டியிலிருந்து இறங்கவில்லை.

“அந்த மெஷின் பத்திரமா?” என்று ட்ரீனாவிடம் கேட்டாள்.

“மெஷின் பத்திரம்.”

“வீடு?”

ட்ரீனா வாசலில் நின்ற மனிதரைப் பார்த்தாள். மெஷினுக்கு அவள் உத்தரவாதம் எழுதிக் கொடுக்கலாம்.

“அவரு நாளைக்கு எதைக் கழற்றுவாரு, எதை வச்சு அடைப்பாருன்னு எனக்குத் தெரியாதும்மா.”

கேஸி குழந்தையை மார்போடு அணைத்தபடி இருக்கைப் பட்டையை இழுத்து மாட்டினாள்.

“கைமன்ல என் சிநேகிதி வீடு இருக்கு. அங்க விட்டுடுங்க.”

ஹாலிஸ் இரண்டு படி இறங்கினார், நின்றார். அவர் பின்னால் திறந்த கதவு வழியே சூடு வாடையில் வீணாகிக்கொண்டிருந்தது.